ஒன்பது உள்கதவுகள், 80,000 ரூபாய்: செங்கோட்டைப் பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குப் போகும் வழியில், ஆரியங்காவு கணவாயை நேரே பார்த்தபடி இருக்கும் ஒரு சிற்றூரில் உள்ள வீடு இது. வீட்டின் முன்பகுதி 1940களின் பிற்பாதியில், அதாவது 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேருவதற்கு முன், திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய தடித்த சுவர்களும், சிவப்பு ரெட்ஆக்சைடு தரையும், தேக்கு நிலைகளில் தொங்கும் நான்கு பலகைக் கதவுகளும் அந்தப் பகுதியில் இன்றும் இருக்கின்றன. பின்பகுதி 1994 இல் சேர்க்கப்பட்டது. அதில் படுக்கையறை, சாமான் அறை, சமையலறை, குளியலறை, கழிப்பறை ஆகிய ஐந்துக்கும் விலை குறைந்த நாட்டுமர நிலைகளில் பிளஷ் கதவுகள் (இரு பக்கமும் மெல்லிய மர ஏடு ஒட்டிய தட்டைக் கதவுகள்) மாட்டப்பட்டிருந்தன.

வீட்டில் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதியும், கணவரின் 88 வயதுத் தாயும். விடுமுறைக்குப் பேரக்குழந்தை வந்துபோகும். ஒன்பது உள்கதவுகளில் ஆறு சரியாக மூடவில்லை. குளியலறைக் கதவை அடைக்க வேண்டுமானால் காலால் உதைக்க வேண்டியிருந்தது. மூதாட்டியோ வாக்கர் பிடித்து நடப்பவர். அவருடைய அறை நிலையின் கீழ்ப்படி மூன்று அங்குலம் உயர்ந்திருந்ததால், ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அவரையும் வாக்கரையும் தூக்கிவிட வேண்டியிருந்தது. ஓர் ஒப்பந்ததாரரிடம் கேட்டபோது, நிலையும் கதவுமாக ஒன்பதையும் பெயர்த்துப் புதிதாக வைக்க 2,40,000 ரூபாய் ஆகும் என்றும், சுவர்ப்பூச்சும் தரையும் அதில் சேராது என்றும் எழுதிக் கொடுத்தார். குடும்பத்தின் கையில் இருந்தது 80,000 ரூபாய். கட்டட மேற்பார்வை வேலை பார்க்கும் என்னை அவர்கள் அழைத்தது 2022 ஜூலையில், சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில்.

முதல் பார்வையில் கண்டவை

அன்று என்னோடு வந்தவர் இந்தப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தச்சு வேலை செய்யும் ஆசாரி ஒருவர். தமிழ்நாடு, கேரளம் என இரண்டு பக்கத்து வேலையும் தெரிந்தவர் என்பதால், நிலையைக் குறிக்கும்போது நிலை என்றும் சொல்வார், மலையாளத்துக் கட்டிள என்றும் சொல்வார். கதவுக்கு ஓர் எண் கொடுத்து, ஒவ்வொன்றும் எங்கே உரசுகிறது, நிலைக்கால் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறதா, இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா, நிலையின் அடிக்குள் ஸ்க்ரூடிரைவர் முனை இறங்குகிறதா என்று ஒரு நோட்டில் எழுதினோம். இதற்கு ஒரு முழு முற்பகல் ஆயிற்று. இந்தப் பணியில் மிக அதிகமான பணத்தை மிச்சப்படுத்தியது அந்த முற்பகல்தான் என்பது என் கருத்து.

உரசும் இடம் நோயைச் சொல்லும். பூட்டுப் பக்கத்தின் மேல்மூலை மட்டும் உரசினால் பெரும்பாலும் மேல்கீல் தளர்ந்து கதவு தொங்கிவிட்டது என்று பொருள். பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக உரசினால் மரம் ஈரம் குடித்து அகலத்தில் பருத்திருக்கிறது. மழைக்காலம், கோடைக்காலம் என்ற வேறுபாடின்றி ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருந்தால் நிலை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய நான்கு கதவுகளில் ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவை முதல் வகை. மூன்றாம் கதவு இரண்டாம் வகை. நான்கின் நிலைகளும் ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன.

மூன்றாம் கதவை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிலைக்குள் கதவு அமரும் இடத்தின் அகலம் 765 மில்லிமீட்டர். அன்று கதவின் அகலம் 764. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே மில்லிமீட்டர் இடைவெளியில் அது எப்படித் திறக்கும்? விளிம்பைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தபோது, பச்சை, பழுப்பு, வெளிர்நீலம், மீண்டும் பச்சை என எனாமல் பெயிண்ட் ஏழு அடுக்காக ஏறியிருந்தது. பல ஆண்டுகளாகப் பொங்கலுக்குப் பொங்கல் பூசிய வண்ணமே இடைவெளியில் ஒரு பங்கைத் தின்றிருந்தது. கதவின் மேல்விளிம்பிலோ ஒரு துளி வண்ணம்கூட இல்லை. கண்ணுக்குப் படாத அந்த விளிம்பு வழியாகத்தான் மரம் ஆண்டுதோறும் சாரல் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

பின்பகுதியின் நிலைமை வேறு. ஐந்தாம் எண் படுக்கையறைக் கதவின் அடியில் மேலேடு உரிந்திருந்தது. தரை துடைக்கும் ஈரத் துணி தினமும் படுவதன் விளைவு அது. ஆறாம் எண் சாமான் அறை நிலையின் ஒரு காலைத் தட்டியபோது நான்கடி உயரம்வரை வெற்றோசை கேட்டது. வண்ணப்பூச்சு மட்டும் தோலாக நிற்க, உள்ளே கரையான் தின்று முடித்திருந்தது. ஏழாம் எண் சமையலறைக் கதவு நன்றாக இருந்தது. எட்டும் ஒன்பதும், அதாவது குளியலறையும் கழிப்பறையும், அடியில் எட்டு முதல் பத்து அங்குலம்வரை மக்கிப்போன நிலைக்கால்களோடும், ஊறிப் பிரிந்த கதவுகளோடும் இருந்தன.

காத்திருப்பது என்ற முடிவு

வீட்டுக்காரர் அன்றே மூன்றாம் கதவை இழைத்துவிடச் சொன்னார். ஆசாரி மறுத்தார். "சாரல்ல இழைச்சா பங்குனியில உங்க சுண்டுவிரல் அந்தச் சந்துக்குள்ள போகும் சார். தை பிறக்கட்டும், மறுபடியும் அளந்து பார்ப்போம்" என்றார்.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. மரம் ஈரத்துக்கேற்ப அகலத்தில்தான் கூடிக் குறையும். நார் ஓடும் நீளவாக்கில் அந்த மாற்றம் மிகமிகக் குறைவு. அகலத்திலும், வருட வளையங்களைத் தொட்டுச் செல்லும் திசையில் ஏற்படும் மாற்றம், மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். 2023 பிப்ரவரியில் அதே கதவை அளந்தபோது 760 மில்லிமீட்டர் இருந்தது. ஏழு மாதத்தில் அதுவாகவே நான்கு மில்லிமீட்டர் சுருங்கியிருந்தது. ஜூலையில் நான்கு மில்லிமீட்டர் இழைத்திருந்தால் பிப்ரவரியில் ஒன்பது மில்லிமீட்டர் சந்து விழுந்திருக்கும். பலகையை ஒட்டுப்போட்டு அடைப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இருந்திருக்காது.

ஜூலையில் செய்தது சிறிதளவே. தளர்ந்த கீல்களின் திருகாணிகளை முடுக்கி, உரசும் விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டோம். ஆறாம் நிலையைச் சுற்றிக் கரையான் மருந்தைத் தரையோரம் துளையிட்டு ஊற்றச் செய்தோம்.

எதை வைப்பது, எதை மாற்றுவது

பிப்ரவரியில் நோட்டை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினோம். நிலையைப் பெயர்ப்பது கதவை மாற்றுவதைவிடப் பெரிய செலவு என்பதைத்தான் முதலில் விளக்க வேண்டியிருந்தது. ஏழடி உயரம், மூன்றடி அகலம், ஐந்துக்கு மூன்று அங்குலக் கனம் கொண்ட ஒரு நிலைக்கு, கீழ்ப்படி இல்லாமலே, மேல்கட்டையின் காதுகளையும் (சுவருக்குள் புதையும் இரு முனை நீட்சிகள்) சேர்த்துப் பதினேழரை அடி நீளச் சட்டம் வேண்டும். அது 1.82 கனஅடி. கீழ்ப்படியும் வைத்தால் 2.19 கனஅடி. மரத்தின் விலை அதோடு நின்றுவிடுகிறது. ஆனால் சுண்ணாம்புச் சுவரிலிருந்து பழைய நிலையை உருவும்போது இரண்டு பக்கமும் பூச்சு பாளமாக விழும், மேலே உள்ள கட்டு அசையும், அந்தச் சிவப்புத் தரையில் விழும் வெட்டை அதே நிறத்தில் இணைக்க இன்று கொத்தனார் கிடைப்பது அரிது. நேராக நிற்கும் தேக்கு நிலையை எடுத்துவிட்டு, இன்று வாங்கக்கூடிய விலையில் கிடைக்கும் இளமரத்தை அங்கே வைப்பது நட்டத்துக்கு மேல் நட்டம். ஆகவே பழைய நான்கு நிலைகளையும் கதவுகளையும் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

சமையலறைக்குக் கதவு வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, கடந்த பத்தாண்டுகளில் அதை ஒருநாளும் மூடியதில்லை என்று அந்த அம்மாள் சொன்னார். அந்தக் கதவைக் கழற்றிச் சாமான் அறைக்கு மாட்டலாம் என்று உடனே முடிவெடுத்தோம். வழக்கமாக நிலைக்கேற்பக் கதவு செய்வார்கள். இங்கே கையில் இருந்த கதவின் அளவை எடுத்துக்கொண்டு நிலை தேடினோம். செங்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் மரக்கடைகளுக்குக் குறைவில்லை. பழைய மரம் விற்கும் கடை ஒன்றில், இடித்த வீட்டிலிருந்து வந்த வேங்கை நிலை 5,500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆசாரி அதன் நான்கு முகத்தையும் தட்டி, ஆணித் துளைகளை எண்ணி, கீல் பக்கம் நம் கதவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தோம். பிளஷ் கதவைப் பக்கம் மாற்றி மாட்டினால் பூட்டுக்காக உள்ளே வைத்த கட்டை மறுபக்கம் போய்விடும் வாய்ப்பு உண்டு என்பதால், இந்தக் கடைசிச் சோதனையை விடக் கூடாது.

கழிப்பறையில் மரமே வேண்டாம் என்று, நிலை, கதவு இரண்டையும் டபிள்யூபிசியில் (மரத்தூளைப் பிளாஸ்டிக்கோடு கலந்து செய்யும் பலகை) வைத்தோம். குளியலறையில், நிலையின் மேற்பகுதி உறுதியாக இருந்ததால், மக்கிய அடிப்பகுதியை மட்டும் அறுத்து ஒட்டுப்போட்டு, கதவை மட்டும் மாற்றலாம் என்று நான் சொன்னேன். அந்த யோசனை பிழையானது. அதன் விளைவைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

கீழ்ப்படி பற்றிய பேச்சு

மூதாட்டி அறையின் கீழ்ப்படியை அறுப்பதில் ஆசிரியை அம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை. நிலையில் கைவைப்பது ஆகாது என்று அவர் தயங்கினார். ஆசாரி நிதானமாகச் சொன்னார்: "தலைவாசல் படியை யாரும் தொடப்போறதில்ல டீச்சரம்மா. இது உள்நிலை. ஆச்சி தடுக்கி விழுந்துட்டா அதுக்கு யாரு பதில் சொல்றது?" இரண்டு நாள் கழித்து, மாமியாரையே கேட்டுவிட்டு அவர் சம்மதம் தந்தார்.

இந்த வேலையில் ஓர் ஆபத்து உண்டு. அறுக்குமுன் நிலையோரப் பூச்சைச் சிறிது கொத்திப் பார்த்தோம். அந்தக் கால நிலைக்கு இரும்புக் கிளாம்ப் ஏதும் இல்லை. மேல்கட்டையின் காதுகளும் கீழ்ப்படியின் காதுகளும் சுவருக்குள் புதைந்திருப்பதுதான் அதன் பிடிமானம். படியை அப்படியே அறுத்திருந்தால் நிலைக்கால்கள் அடியில் அந்தரமாக நின்றிருக்கும், கதவை இழுத்துச் சாத்தும்போதெல்லாம் அசைந்திருக்கும். எனவே ஒவ்வொரு காலுக்கும் இரண்டிரண்டாக 100 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட்டுகளைச் சுவரில் இறக்கி, தலைகளை மரத்துக்குள் அமிழ்த்தி, மரக்கட்டையால் மூடிய பிறகே ரம்பம் வைத்தோம். சுவருக்குள் இருந்த காதுகளை எடுக்காமல் விட்டுவிட்டோம். அறுத்தெடுத்த படியை ஆசாரி வீணாக்காமல் பூஜை மாடத்துக்குப் பலகையாக இழைத்துக் கொடுத்தது அந்த அம்மாளுக்கு ஆறுதலாக இருந்தது.

வேலை நடந்த விதம்

2023 பிப்ரவரி பிற்பாதியில் தொடங்கி மார்ச் மாதத்துக்குள் வேலை முடிந்தது. தொங்கிய மூன்று கதவுகளிலும் கீல் துளைகள் அகன்று திருகாணி பிடிக்காமல் இருந்தன. துளையைச் சுத்தம் செய்து, தேக்குக் குச்சியைப் பசை தடவி அடித்து இறக்கி, ஒருநாள் காயவிட்டு, அதே இடத்தில் புதிதாகத் துளையிட்டு 50 மில்லிமீட்டர் திருகாணி போட்டோம். இரண்டு கீலில் தொங்கிய கனத்த கதவுகளுக்கு மூன்றாவது கீல் சேர்த்தோம். இந்த மூன்றிலும் இழைப்புளி படவே இல்லை. கதவு தூக்கி நின்றதும் உரசல் தானே நின்றது.

வண்ணம் நீக்கும் வேலையில் நாங்கள் மிகவும் கவனமாக இருந்தோம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016 இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். ஆகவே உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்ப்பதையும், நெருப்புக் காட்டி உரிப்பதையும் முற்றிலும் தவிர்த்தோம். கதவுகளைக் கழற்றிக் கொல்லையில் தார்ப்பாயின் மேல் கிடத்தி, பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டி, நீர் தொட்ட தாளால் தேய்த்து, சுரண்டிய கழிவை மூட்டையாகக் கட்டினோம். பெயிண்டருக்கு முகக்கவசமும் கையுறையும் கொடுத்தோம். பேரக்குழந்தையின் வருகையை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொன்னோம். பெற்றோர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டனர்.

மூன்றாம் கதவு வண்ணம் நீங்கியதும் இழைக்காமலே எளிதாக மூடியது. மெல்லிய பிரைமரும் இரண்டு கை எனாமலும் ஆறு முகத்துக்கும், குறிப்பாக மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் பூசினோம். வண்ணம் காய்ந்த பின் அகலம் 759 மில்லிமீட்டர். ஐந்தாம் கதவின் அடியில் உரிந்த ஏட்டை வெட்டிவிட்டு எட்டு அங்குலச் சன்மைக்கா பட்டை ஒட்டி, அடிவிளிம்பை அடைத்தோம்.

செலவில் தச்சுக் கூலி (ஆசாரியும் உதவியாளரும் பதினான்கு நாள்) 28,000, பெயிண்டர் கூலி 8,000, கொத்து வேலை 6,000 ரூபாய். வேங்கை நிலை 5,500, கழிப்பறையின் நிலையும் கதவும் 7,800, குளியலறைக் கதவு 4,900, கீல், திருகாணி, போல்ட், தாழ்ப்பாள் ஆகியவை 5,600, வண்ணப் பொருள்கள் 8,700, வண்டி வாடகையும் சிமெண்டும் 1,900. ஆக மொத்தம் 76,400 ரூபாய். பாதிக்கு மேல் கூலிக்கே போயிற்று. பழுது பார்ப்பது என்று முடிவெடுத்தால் அப்படித்தான் ஆகும், அந்தப் பணம் உள்ளூர்க் கைகளுக்குப் போனதில் எனக்கு மனநிறைவே.

பின்னர் நடந்தவை

2023 ஜூலைச் சாரலில் போய்ப் பார்த்தபோது பழைய நான்கு கதவுகளும் விரல் தொட்டால் நகர்ந்தன. மூன்றாம் கதவு 762 மில்லிமீட்டர். முந்தைய ஆண்டு நான்கு மில்லிமீட்டர் ஏறி இறங்கிய கதவு, விளிம்புகள் அடைபட்ட பிறகு மூன்றோடு நின்றது. மூதாட்டி தம் அறையிலிருந்து கூடத்துக்கு யார் துணையும் இல்லாமல் வாக்கரோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

குளியலறை நிலைதான் ஏமாற்றியது. மக்கிய அடியை அறுத்து, தேக்குத் துண்டைச் சாய்வு ஒட்டாக இணைத்து, எபாக்சி பசையும் திருகாணியும் போட்டிருந்தோம். ஒட்டு நன்றாகவே இருந்தது. ஆனால் துண்டின் வெட்டுமுகம் நேராகத் தரையில் நின்றது, தரையோ கதவை நோக்கிச் சரிந்திருந்தது. ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் நிலையடியில் தண்ணீர் தேங்கியது. நார்முனை, அதாவது நார்கள் குறுக்கே வெட்டுப்பட்ட முகம், வழியாக மரம் நீரை எளிதில் மேலே இழுக்கும். ஜூலையில் ஒட்டுக்குக் கீழே கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் கொல்லையிலிருந்து தண்ணீர் குளியலறைக்குள் ஏறி இரண்டு நாள் நின்றபின், ஸ்க்ரூடிரைவர் முனை அரை அங்குலம் உள்ளே இறங்கியது. மழை அதை விரைவுபடுத்தியது என்பது உண்மைதான். ஆனால் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மரத்தை மட்டும் மாற்றச் சொன்னது என் தவறு.

2024 ஜனவரியில் இரண்டு கால்களிலும் தரையிலிருந்து ஐந்து அங்குலம் அறுத்து, அந்த இடத்தில் கருங்கல் துண்டு வைத்து, மரத்தின் வெட்டுமுகத்தை எபாக்சியால் அடைத்து, தரையைச் சாக்கடைத் துளையை நோக்கிச் சரிவாக்கினோம். இதற்கு 4,600 ரூபாய் ஆயிற்று. எல்லாம் சேர்த்து 81,000 ரூபாய். குடும்பம் வகுத்த வரம்பை ஆயிரம் ரூபாய் தாண்டியது.

மீண்டும் செய்வதாயின்

குளியலறையில் முதல் நாளே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்திருப்பேன். அதன் பிறகே நிலையைப் பற்றிப் பேசியிருப்பேன். மரத்தின் நார்முனை ஈரத் தரையைத் தொடும்படி எந்த நிலையையும் இனி நிறுத்த மாட்டேன்.

தொங்கிய கதவுகளுக்குக் கீல் பழுதை ஜூலையிலேயே முழுமையாகச் செய்திருக்கலாம். இழைப்பதற்குத்தான் உலர்காலம் வேண்டுமே தவிர, திருகாணித் துளையை அடைப்பதற்கு வேண்டியதில்லை. அந்த வீட்டார் ஏழு மாதம் தேவையின்றிச் சிரமப்பட்டார்கள். பெயிண்டரின் நாள்களையும் குறைவாகக் கணித்திருந்தேன். ஐந்து நாள் என்று நினைத்தது எட்டானது. நான்கு பலகைக் கதவுகளில் ஏழடுக்கு வண்ணத்தை ஈரமாகச் சுரண்டுவது மெதுவான வேலை, அதை அவசரப்படுத்தவும் கூடாது.

மற்றொன்றையும் மாற்ற வேண்டும். ஆறாம் நிலைக்குக் கரையான் மருந்து ஊற்றினோம், ஆனால் சாமான் அறையின் சுவரோரம் அடுக்கியிருந்த பழைய அட்டைப்பெட்டிகளை எடுக்கச் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் போனபோது அவற்றின் பின்னால் புதிய மண்கோடு ஒன்று ஏறியிருந்தது. வேங்கை நிலையை அது இன்னும் தொடவில்லை. பெட்டிகளை அன்றே வெளியேற்றி, மண்கோட்டைச் சுரண்டி, மறுபடி மருந்திட்டோம். அந்தச் சுவரை ஆண்டுக்கு இருமுறை பார்ப்பதாக வீட்டுக்காரர் பொறுப்பேற்றிருக்கிறார்.

அதே நாளில் மூன்றாம் கதவு 759 மில்லிமீட்டருக்குத் திரும்பியிருந்தது. கதவின் உட்பக்கம், மேல்கீலுக்கு அருகில், இதுவரை எடுத்த அளவுகளை மாதத்தோடு ஆசாரி பென்சிலால் எழுதி, கீழே அடுத்த அளவுக்கு இடம் விட்டுவைத்திருக்கிறார்.